பதினாறாம் பிரிவும் ஜெர்மனியின் பெயரும்

சரக்கின் மேல் ஒரு நாட்டின் பெயரைப் பொறித்தால் வாங்குபவர் மனத்தில் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு வணிக வரலாற்று நூல்கள் அலுக்காமல் காட்டும் உதாரணம் ‘மேட் இன் ஜெர்மனி’. கதை இப்படிப் போகும்: ஜெர்மானியர் தங்கள் மட்டமான சரக்கை ஆங்கிலேயச் சரக்கென்று விற்றார்கள், பிரிட்டன் 1887இல் சட்டம் போட்டு, அவர்கள் சரக்கில் அவர்கள் நாட்டின் பெயரையே பொறிக்க வைத்தது, தலைகுனிய வைக்கப் போட்ட முத்திரை சில ஆண்டுகளில் தரத்துக்குச் சான்றாக மாறிவிட்டது. கேட்கச் சுவையான கதைதான். ஆனால் சட்டத்தின் வாசகத்தை எடுத்துப் படித்தால் கதையின் முதல் பாதியே தள்ளாடுகிறது.

இந்தக் கதை நிலைபெற்றதில் எர்னஸ்ட் எட்வின் வில்லியம்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு. 1896இல் லண்டனில் வெளியான அவருடைய நூலின் பெயரே ‘மேட் இன் ஜெர்மனி’. நூலாகும் முன்பு, டபிள்யூ. இ. ஹென்லி நடத்திய ‘நியூ ரிவ்யூ’ இதழில் கட்டுரைகளாக வந்தது. வில்லியம்ஸ் தம் வாதத்தை வாசகரின் வீட்டுக்குள்ளிருந்தே தொடங்குகிறார். பிள்ளைகளின் பொம்மை, காலையில் விரிக்கும் நாளிதழின் காகிதம், வரவேற்பறைப் பியானோ, சமையலறைக் குவளை என்று அறை அறையாக நடத்திச் சென்று, எங்கு திரும்பினாலும் அந்த மூன்று சொற்கள் கண்ணில் படும் என்கிறார். அதன்பின் இரும்பு, துணி, வேதிப்பொருள் எனத் தொழில்வாரியாகக் கணக்குகள் வருகின்றன. காப்புச் சுங்கம், தொழில்நுட்பக் கல்வி, வாங்குபவரின் மொழி பேசும் விற்பனை முகவர்கள் என்று ஜெர்மனியின் வெற்றிக்குக் காரணங்களை அடுக்குகிறார். கடைசியில் அவர் எழுதித்தரும் மருந்து, பிரிட்டனும் சுங்கவேலி போட வேண்டும் என்பது.

நடை அபாரமானது. ஆய்வாளர்கள் அவரிடம் மயங்கியதற்கும் அதுவே காரணம்.

நூல் வந்த ஆண்டிலேயே ஹெரால்டு காக்ஸ், ‘ஆர் வீ ரூயின்ட் பை தி ஜெர்மன்ஸ்?’ என்ற மறுப்பு நூலை எழுதி வில்லியம்ஸின் எண்களைத் தாக்கினார். தடையற்ற வணிகத்தை ஆதரித்த காப்டன் கிளப் அவருக்குப் பின்னால் நின்றது. எண்கள் மேல் நடந்த அந்தச் சண்டையில் இரு தரப்புக்கும் அரசியல் நோக்கம் இருந்தது என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம். வில்லியம்ஸின் பிழை அட்டவணைகளுக்கு முன்னாலேயே, முதல் பக்கங்களிலேயே இருக்கிறது. அவர் முத்திரையை ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போலப் படித்தார். முத்திரை எங்கும் தெரிகிறது, ஆகவே ஜெர்மன் சரக்கு புதிதாக எங்கும் புகுந்துவிட்டது என்பது அவர் வாதம். பத்தாண்டுகளுக்கு முன்பு அதே பொம்மையும் அதே குவளையும் பெயர் சொல்லாமல் அதே வீட்டில் இருந்திருக்கலாம் என்பதை அவர் எடைபோடவில்லை.

இதை எடைபோட, 1887 ஆகஸ்ட் 23 அன்று அரச ஒப்புதல் பெற்ற மெர்ச்சண்டைஸ் மார்க்ஸ் சட்டத்தின் 16ஆம் பிரிவுக்குப் போக வேண்டும். சட்டத்தில் ஜெர்மனி என்ற பெயரே கிடையாது. வெளிநாட்டுச் சரக்கு அனைத்திலும் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டளையும் கிடையாது. 16ஆம் பிரிவு இரண்டு வகைச் சரக்கைத்தான் இறக்குமதியில் தடுக்கிறது. ஒன்று, பொய்யான விவரம் தாங்கிய சரக்கு. மற்றொன்று, பிரிட்டனில் உள்ள ஓர் உற்பத்தியாளர், விற்பனையாளர் அல்லது வணிகரின் பெயரையோ வணிகக் குறியையோ தாங்கிவரும் வெளிநாட்டுச் சரக்கு. இந்த இரண்டாவது வகையும், எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று அந்தப் பெயரின் அருகிலேயே தெளிவாகக் காட்டினால் உள்ளே வரலாம். அப்படியானால், கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊரான ஸோலிங்கனின் கத்திக்காரர் ஒருவர் தம் சொந்தப் பெயரையும் தம் ஊர்ப் பெயரையும் பொறித்து அனுப்பிய கத்திக்கு இந்தப் பிரிவின் வாசகப்படி ‘மேட் இன் ஜெர்மனி’ தேவையே இல்லை. குறிப்பிட்ட சரக்குகளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்க வழிசெய்த பிரிட்டிஷ் சட்டம் 1926இல்தான் வந்தது.

பிரிவில் வரும் ‘விற்பனையாளர்’, ‘வணிகர்’ என்ற இரு சொற்களின் மேல் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. வழக்கமான கதையில் குற்றவாளி ஒருவர்தான்: இங்கிலாந்தின் கத்தி ஊரான ஷெஃபீல்டின் பெயரைத் திருடிய ஸோலிங்கன்காரர். ஷெஃபீல்டின் புகாரில் உண்மை இருந்தது என்பதில் ஐயமில்லை. 1624இலிருந்து கத்தித் தொழிலாளர் சங்கத்தை வைத்துக் குறிகளைக் காத்துவந்த ஊர் அது. அதன் பெயர் வார்ப்பிரும்புக் கத்தரிகளில் ஏறியபோது ஆத்திரப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் ஷெஃபீல்டு உற்பத்தியாளரின் பெயர் திருடப்படுவதைத் தடுப்பது மட்டுமே நோக்கமென்றால், பிரிட்டிஷ் வணிகரின் பெயரைச் சட்டத்தில் சேர்க்க வேண்டிய தேவை என்ன? லண்டன் மொத்த வியாபாரி ஜெர்மனியில் மலிவாகச் சரக்குச் செய்யச் சொல்லி, தம் பெயரையே அதில் பொறிக்கவைத்து, காலனிகளுக்கு அனுப்பி லாபம் பார்த்தார் என்று கொண்டால்தான் அந்தச் சொற்களுக்குப் பொருள் கிடைக்கிறது. ஏமாற்று வேலையில் இரு கரைகளிலும் கூட்டாளிகள் இருந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் வாசிப்பு. இரண்டு சொற்களின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் பிறகு எழுந்த முணுமுணுப்பு இந்த வாசிப்புக்கே துணைநிற்கிறது. முத்திரையைப் பார்த்த காலனி வாங்குபவர்கள் லண்டன் இடைத்தரகரைத் தாண்டி நேரே ஜெர்மனிக்கு ஆர்டர் அனுப்புகிறார்கள், சட்டம் அந்நியனுக்கு இலவச விளம்பரம் செய்கிறது என்று 1890களில் புலம்பியவர்கள் பிரிட்டிஷ் வணிகர்களே. இந்தியாவிலும் 1889இன் 4ஆம் சட்டமாக இதேபோன்ற முத்திரைச் சட்டம் வந்துவிட்டதால், இங்கிருந்த துறைமுகங்களிலும் முகமூடி கழன்றது.

சட்டம் கேட்காத சரக்கிலும் முத்திரை ஏறியது எப்படி? சுங்கத்தில் சரக்கு மாட்டிக்கொள்ளும் அச்சம் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். எதற்கு வம்பு என்று எல்லாவற்றிலும் பொறித்துவிடுவது ஏற்றுமதியாளருக்கு எளிது. இது ஊகம். இதைவிட உறுதியான காரணம் அட்லாண்டிக்குக்கு அப்பால் இருக்கிறது. 1890இன் மெக்கின்லி சுங்கச் சட்டம், 1891 மார்ச் 1 முதல், அமெரிக்காவுக்கு வரும் வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்கச் சொன்னது. பிரிட்டிஷ் சட்டத்தைவிட வீச்சு அதிகம், மொழியும் வரையறுக்கப்பட்டது. ஜப்பானியப் பீங்கானில் ‘நிப்பான்’ என்று இருந்தது 1921இல் ‘ஜப்பான்’ என்று மாறியதற்குக் காரணம், நிப்பான் ஆங்கிலச் சொல் அல்ல என்று அமெரிக்கச் சுங்கத்துறை முடிவெடுத்ததே. நாட்டின் பெயரை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது 1887 என்பதைவிட 1891 என்பதே பொருத்தம். வில்லியம்ஸின் கண் லண்டனைத் தாண்டவில்லை.

அடுத்து, தரம். ஜெர்மன் சரக்கு மட்டம் என்று உரக்கச் சொன்னவர் ஆங்கிலேயர் அல்லர். பெர்லின் தொழிற்கல்விக் கழகத்தின் தலைவர் ஃபிரான்ஸ் ருலோ. 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியிலிருந்து எழுதிய கடிதங்களில் தம் நாட்டுச் சரக்கை மலிவு, மட்டம் என்று இரண்டே சொற்களில் தீர்த்துக்கட்டினார். பெர்லினில் வசவு விழுந்தது. ஆனாலும் விலையைக் குறைத்துப் போட்டியிடுவதை விட்டுத் தரத்தால் போட்டியிடுங்கள் என்ற அவர் பேச்சு காதில் ஏறியது. 1877இல் பேரரசு முழுவதற்கும் காப்புரிமைச் சட்டம் வந்தது. யேனாவில் அபேயும் ஷாட்டும் ஸெய்ஸும் சேர்ந்து 1884இல் ஒளியியல் கண்ணாடிக்கென ஆய்வுக்கூடம் வைத்தார்கள். பிரிட்டன் முத்திரைச் சட்டம் போட்ட அதே 1887இல், வெர்னர் ஃபான் சீமென்ஸின் முயற்சியால், அளவீட்டுத் துல்லியத்துக்கென்றே ஓர் அரசு ஆய்வு நிறுவனம் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் தலைமையில் சார்லாட்டன்பர்கில் எழுந்தது. முத்திரை மானத்தைத் தூண்டி ஜெர்மானியரைத் திருத்தியது என்ற கதைக்கு இந்த ஆண்டுகள் ஒத்துழைக்கவில்லை. திருத்தம் முத்திரைக்கு முன்பே தொடங்கிவிட்டது.

முத்திரை எந்த ஆண்டில் வசவிலிருந்து மதிப்புக்குத் திரும்பியது? ஓர் ஆண்டைச் சுட்ட ஆதாரம் இல்லை. 1896இல் வில்லியம்ஸின் நூலில் அது அச்சத்தின் அடையாளம். காலனிச் செயலர் ஜோசப் சேம்பர்லின் 1895இல் காலனிகளிடம் கேட்டுத் திரட்டிய பதில்களில், அந்நியச் சரக்கு விற்கக் காரணமாகத் திரும்பத் திரும்ப வந்தது மலிவு விலை. 1907இல் மியூனிக்கில் கலைஞர்களும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்த ஜெர்மன் வெர்க்புண்ட் என்ற அமைப்பு தொடங்கியபோதும் தரமான வேலை என்பது இலக்காகவே முன்வைக்கப்பட்டது. கைவந்துவிட்ட சொத்தாகப் பேசப்படவில்லை. ஆக, ‘சில ஆண்டுகளில் மாறியது’ என்பது மிகத் துணிச்சலான கூற்று. எல்லாச் சரக்குக்கும் ஒரே நாளில் மாறியிருக்கவும் முடியாது. சாயமும் லென்ஸும் முன்னே போயிருக்கும், பொம்மையும் கத்தரியும் பின்னே வந்திருக்கும்.

பிற்காலச் சந்தை ஆய்வு இதற்கு ஒரு சட்டகம் தருகிறது. 1965இல் ராபர்ட் ஸ்கூலர், குவாட்டமாலா மாணவர்களிடம் ஒரே சரக்கை வெவ்வேறு நாட்டுப் பெயரொட்டிக் கொடுத்து மதிப்பிடச் சொன்னபோது, பெயருக்கேற்ப மதிப்பீடு மாறியது. 1989இல் சி. மின் ஹான் இதைப் பகுத்தார்: சரக்கைத் தெரியாதவருக்கு நாட்டின் பெயர் ஒளிவட்டமாக வேலை செய்கிறது, தெரிந்தவருக்கு அதுவரை பயன்படுத்திய சரக்குகளின் தொகுப்பாக வேலை செய்கிறது. ஆர்மோனியம் வாங்கும்போது ‘ஜெர்மன் ரீடா?’ என்று விசாரிக்கும் நம்மூர் வித்வானிடம் இருப்பது இரண்டாவது வகை. 1887இன் ஆங்கிலேய வாங்குபவரிடம் தொகுப்பு ஏதும் இல்லை, ஏனென்றால் அதுவரை அவர் பயன்படுத்திய ஜெர்மன் சரக்கு வேறு பெயரில் இருந்தது. முத்திரைச் சட்டம் செய்த வேலை இதுதான்: அனுபவம் உரிய பெயரின் கணக்கில் சேரத் தொடங்கியது. நல்ல அனுபவமும் சேர்ந்தது, கெட்டதும் சேர்ந்தது.

அந்தக் கணக்கும் முதலில் நாட்டின் பெயரில் ஏறவில்லை. வில்லியம்ஸ் சுட்டிய வரவேற்பறைப் பியானோவையே எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மன் பியானோ நிறுவனமான பெக்ஸ்டைன் 1901இல் லண்டன் விக்மோர் தெருவில் தன் பெயரிலேயே ஒரு கச்சேரி அரங்கம் திறந்தது. நம்பிக்கை பெக்ஸ்டைன் என்ற பெயருக்கு. முதல் உலகப்போரில் அந்த அரங்கம் பறிமுதலாகி விற்கப்பட்டு, 1917இல் விக்மோர் ஹால் என்ற பெயரில் திறந்தது. நாட்டின் பெயர் வெறுப்புக்கு உள்ளானபோது பியானோவின் நாதம் கெட்டுவிடவில்லை, முகவரிதான் பாரமானது.

ஊர்ப் பெயரும் நிறுவனப் பெயரும் ஈட்டிய நம்பிக்கையை நாட்டின் பெயர் பின்னாளில் கடன் வாங்கியது என்பதே சான்றுகளுக்கு நெருக்கமான முடிவு. ஜெர்மனியின் சட்ட ஏற்பாடும் அப்படியே இருக்கிறது. ஸோலிங்கன் என்ற பெயரை அந்தப் பகுதியில் செய்த கத்திகளுக்கு மட்டும் உரியதாக்கி 1938இல் தனிச்சட்டம் வந்தது; அந்தப் பாதுகாப்பு இன்றும் தொடர்கிறது. ‘மேட் இன் ஜெர்மனி’க்கு அப்படி ஒரு தனிச்சட்டம் இல்லை. உற்பத்தியாளர் தம் பொறுப்பில் பொறித்துக்கொள்கிறார்; யாராவது வழக்குத் தொடுத்தால்தான் அது பொருந்துமா என்று நீதிமன்றம் பார்க்கிறது.