கொல்கத்தா மெட்ரோ

கொல்கத்தா மெட்ரோ, மேற்கு வங்கத் தலைநகரில் இயங்கும் விரைவு ரயில் அமைப்பு. 1984-இல் ஓடத் தொடங்கிய இதுவே இந்தியாவின் முதல் மெட்ரோ. இந்திய ரயில்வே நடத்தும் இந்த அமைப்பு, 2010 டிசம்பரில் தனி ரயில்வே மண்டலமானது.

தோற்றம்

ஹூக்ளி ஆற்றங்கரையில் நெருக்கமாக வளர்ந்த நகரில் சாலைகளுக்கு இடம் குறைவு. ஆற்றுக்கடியில் நகரை மறுகரையிலுள்ள ஹவுராவுடன் இணைக்கும் சுரங்க ரயில் திட்டம் ஒன்றைப் பொறியாளர் ஹார்லி டால்ரிம்பிள்-ஹே 1921-இல் தயாரித்தார். பணம் இல்லாததால் அது கிடப்பில் போடப்பட்டது. சோவியத் வல்லுநர்களின் உதவியுடன் 1971-இல் புதிய திட்டம் உருவானது. 1972 டிசம்பர் 29 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார்.

கட்டுமானம்

கொல்கத்தாவின் அடியில் இருப்பது பாறையல்ல. நீர் ஊறிய வண்டலும் களிமண்ணும். அதனால் சாலையின் இருபுறமும் ஆழமாகக் கான்கிரீட் சுவர் இறக்கி, நடுவிலுள்ள மண்ணை அள்ளி, பெட்டி வடிவில் சுரங்கம் கட்டி, அதை மூடி மேலே மறுபடி சாலை போட்டார்கள். ரயில்வே யார்டும் கால்வாயும் குறுக்கிட்ட பெல்காச்சியா–ஷியாம்பஜார் பகுதியில் மட்டும் அழுத்தக் காற்றின் துணையுடன் வட்டச் சுரங்கம் குடைந்தார்கள்.

நிதித் தட்டுப்பாடு, நிலத்தடிக் குழாய்களை இடம் மாற்றும் வேலை, நீதிமன்றத் தடைகள் எல்லாம் சேர்ந்து பணியை இழுத்தடித்தன. எஸ்பிளனேடு–பவானிபூர் இடையே 3.4 கி.மீ. பாதை 1984 அக்டோபர் 24 அன்று திறக்கப்பட்டது. அதில் ஓடிய பெட்டிகள் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில் தயாரானவை. டம்டம்–டாலிகஞ்ச் இடையிலான 16.45 கி.மீ. பாதை முழுமை பெற்றது 1995 செப்டம்பரில்தான். இந்தப் பாதையிலுள்ள ரவீந்திர சதன் நிலையச் சுவர்களைத் தாகூரின் கையெழுத்துப் படிகளும் ஓவியங்களும் அலங்கரிக்கின்றன.

விரிவாக்கம்

முதல் பாதை பின்னர் தெற்கே கவி சுபாஷ் வரையும், 2021-இல் வடக்கே தக்ஷிணேசுவரம் வரையும் நீண்டது. சால்ட் லேக்கை ஆற்றுக்கடியில் ஹவுராவுடன் இணைக்கும் கிழக்கு–மேற்குப் பாதையின் முதல் பகுதி 2020 பிப்ரவரியில் சால்ட் லேக்கில் இயங்கத் தொடங்கியது. இந்தப் பாதைக்கான இரட்டைச் சுரங்கங்கள் ஹூக்ளிக்கு அடியில் ஏறத்தாழ 520 மீட்டர் தூரம் முன்னதாக 2017-இல் குடையப்பட்டிருந்தன. ஆற்றைச் சிக்கலின்றிக் கடந்த பணி, கரையில்தான் தடுமாறியது: 2019 ஆகஸ்ட் இறுதியில் பவ்பஜாரில் குடைவு இயந்திரம் நிலத்தடி நீரடுக்கைத் துளைத்ததில் மண் இறங்கி, பழைய வீடுகள் இடிந்தன; பல நூறு பேர் வெளியேற்றப்பட்டனர்.

ஆற்றுக்கடியில் ஓடும் நாட்டின் முதல் மெட்ரோ சேவை 2024 மார்ச்சில் தொடங்கியது. பவ்பஜார் வழியாகச் செல்லும் எஸ்பிளனேடு–சியால்டா இணைப்பு 2025 ஆகஸ்ட் 22 அன்று திறக்கப்பட்டதும் கிழக்கு–மேற்குப் பாதை முழுமையானது. நகரின் இருபெரும் ரயில் நிலையங்களான ஹவுராவும் சியால்டாவும் அன்றுமுதல் ஒரே மெட்ரோ பாதையில் இணைந்துள்ளன.