எதிர்வாதியின் சொல்லைக் காத்த உரை

நீலகேசியின் பெயரைக் கேளாத தமிழ்ச் சமணர் இல்லங்கள் சிலவே. நூலை முழுதும் கற்றோரும் சிலரே. பழையனூர் நீலி முனிசந்திர முனிவரை அச்சுறுத்த வந்தாள். அவர் அசையாமை கண்டு அறங்கேட்டு மனம் மாறினாள். இக்கதையோடு பலரும் நின்றுவிடுகின்றனர். ஆயின் அது முதற் சருக்கம் மட்டுமே. எஞ்சிய 9 சருக்கங்களும் வாதங்கள். குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், புத்தர் என்னும் நால்வரோடு நிகழும் பௌத்த வாதங்களுக்குப் பின்னர் ஆசீவகமும் சாங்கியமும் வைசேடிகமும் வேதவாதமும் பூதவாதமும் வருகின்றன.

பிறர் கொள்கையை முதலில் கேட்டறிந்து, பின்னரே அதனை ஆராய்வது நீலகேசியின் முறை. இதன் வேர் சியாத்வாதத்தில் உள்ளது. குடத்தை அழித்து முடி செய்த பொன்னைச் சமந்தபத்திர ஆசாரியர் ஆப்தமீமாம்சையில் காட்டுகிறார். குடத்தை விரும்பியவன் வருந்துவான்; முடியை விரும்பியவன் மகிழ்வான்; பொன்னையே கருதியவனுக்கு இரண்டும் இல்லை. மூவரும் கண்டது மெய்யே. எந்நோக்கில் என்று கூறாமல் 'அழிந்தது' என்றோ 'அழியவில்லை' என்றோ முடிவு கட்டுவதுதான் பிழை.

இதனை ஐயவாதம் என்று பழித்தோர் உண்டு. அது பொருந்தாது. வர்த்தமானர் காலத்தவரான சஞ்சய பெலட்டிபுத்தர், மறுமை உண்டா என்ற வினாவுக்கு உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சியாத்வாதியோ விடை கூறுகிறான். அவ்விடை நிற்கும் எல்லையையும் உடன் கூறுகிறான். நீலகேசியும் விட்டுக்கொடுக்கும் நூலன்று. அதன் மறுப்புகள் சில இடங்களில் கடுமையானவையே.

அக்கடுமைக்கு நடுவிலும் ஓர் அருஞ்செயல் நிகழ்ந்துள்ளது. நீலகேசி மறுக்க எழுந்த குண்டலகேசிக் காப்பியம் காலத்தால் மறைந்தது. இன்று முழுமையாகக் கிடைப்பவை 19 செய்யுட்களே. ஆயினும் நீலகேசிக்கு உரைகண்ட சமயதிவாகர வாமன முனிவர், மறுக்கப்படும் குண்டலகேசிப் பாடல்கள் பலவற்றின் முதற்குறிப்புகளை எடுத்துக் காட்டியுள்ளார். எதிர்வாதி சொன்னது இன்னதென்று தெரியாதவன் மறுப்பு நேர்மையானதா என்று எங்ஙனம் அறிவான்? தத்துவப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் நூலையும் உரையையும் அச்சேற்றினார். மறைந்த பௌத்த காப்பியத்தைத் தேடுவோர் இன்றும் அச்சமண உரையையே புரட்டுகின்றனர்.