ஆதிமூலத்தின் தலைப்பெழுத்துகளும் கண்காட்சி எழுத்துருவும்

ஓவியக் கண்காட்சி நூலுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் எந்த எழுத்துரு பொருந்தும் என்ற கேள்வி தமிழில் நெடுங்காலம் எழவில்லை. தெரிவு செய்யப் பல வகைகள் இல்லாததே காரணம். 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சான நாள் முதலே தமிழ் எழுத்தை உலோகத்தில் வார்ப்பது செலவு மிக்க வேலை. உயிர்மெய் வடிவங்கள் மிகுந்திருப்பதால் ஒவ்வோர் அளவுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட அச்சுகள் வேண்டும். ஊர் அச்சகத்தில் இருந்த ஓரிரு வகைகளே பாடநூலுக்கும் திருமண அழைப்பிதழுக்கும் ஓவிய நூலுக்கும் பயன்பட்டன.

இந்தக் குறையை ஓவியர்கள் கையால் எழுதித் தீர்த்தனர். அவர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் கே. எம். ஆதிமூலம் (1938–2008). திருச்சிராப்பள்ளி மாவட்டம் கீராம்பூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் வரைந்த கோட்டோவியங்களால் பெயர் பெற்றார். சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் அவர் எழுதிய தலைப்புகளில், ஓவியத்தில் ஓடிய அதே கோடுதான் எழுத்திலும் ஓடியது. அட்டையில் படம் வேறு, பெயர் வேறு என்று பிரிக்க முடியாது. எழுத்தும் ஓவியத்தின் பகுதியே என்று தமிழ் வாசகர் அச்சில் கண்டது பெரும்பாலும் இவரால்தான்.

கணினி வந்தபின் நிலை தலைகீழானது. இன்று எழுத்துருக்கள் ஏராளம். ஆனால் பல இடங்களில் கணினியோடு வந்த எழுத்துருவையே பலகையிலும் காண்கிறோம். இருமொழிப் பலகையில் சிக்கல் இன்னும் கூடும். ஆங்கிலத்தில் ஓவியத்தின் பெயரைச் சாய்வெழுத்தில் காட்டுவது வழக்கம். தமிழைச் சாய்த்தால் வளைவுகள் குலைகின்றன. தடித்த எழுத்தே தெளிவு. ‘கீ’யின் கொக்கி மேலே எழும், ‘ழு’வின் வால் கீழே இறங்கும். ஆகவே வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். அதைத் தராமல் தமிழைச் சிறிதாக்கி ஆங்கிலத்தின் அடியில் ஒடுக்கினால், தமிழ் மட்டும் அறிந்த பார்வையாளர் ஓவியரின் பெயரைக்கூடப் படிக்க இயலாது.

பழைய கண்காட்சிகளைப் பற்றிய நூலில் மற்றொரு கவனமும் தேவை. பெரியார் முன்வைத்த சீர்திருத்தத்தை ஏற்றுத் தமிழக அரசு 1978இல் ணை, லை, றா, னா முதலிய 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. ஒருங்குறியில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் குறியீடு ஒன்றே, எந்த வடிவம் தோன்றும் என்பது எழுத்துருவைப் பொறுத்தது. கணினியில் பொதுவாகக் கிடைப்பவை புதிய வடிவையே காட்டும். 1960களின் அழைப்பிதழை மறுபடி தட்டச்சு செய்தால் அக்காலத்துத் தோற்றம் போய்விடும். மூலத்தைப் படமெடுத்து அச்சிட்டு, தட்டச்சு வடிவை அருகில் தருவதே முறை.