ஹாக்வார்ட்ஸ் கோட்டை (லெகோ கட்டைத் தொகுதி)

ஹாக்வார்ட்ஸ் கோட்டை: ஜே. கே. ரௌலிங் என்னும் பிரிட்டிஷ் நாவலாசிரியை இயற்றி, 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்த ஹாரி பாட்டர் கதைவரிசையில், மந்திரவித்தை பயிலும் வித்யாசாலையாக விளங்கும் கோட்டையைத் தழுவி, டென்மார்க் தேசத்து லெகோ நிறுவனம் 2018இல் வெளியிட்ட விளையாட்டுக் கட்டைத் தொகுதி. இதன் உறுப்புக்கள் 6,020. கட்டி முடித்த கோட்டையின் உயரம் சுமார் 58 செ.மீ., அகலம் 69 செ.மீ.

வரலாறு: பில்லுண்ட் என்னும் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் தொடங்கிய சிறு பட்டறையே பின்னர் உலகப் பிரசித்தி பெற்ற லெகோ நிறுவனமாயிற்று. இந்நாளைய கட்டையின் அமைப்புக்கு 1958இல் காப்புரிமை கோரப்பட்டது. 1978இல் மஞ்சள் நிறக் கோட்டை ஒன்றும், 2001இல் 682 உறுப்புக்கள் கொண்ட முதல் ஹாக்வார்ட்ஸ் கோட்டையும் வெளிவந்தன.

அமைப்பு: கட்டையின் மேற்புறத்துக் குமிழ்கள் மற்றொரு கட்டையின் உட்புறத்துக் குழல்களுக்கும் சுவர்களுக்கும் இடையே இறுகப் பொருந்துவதே இதன் சூட்சுமம்; ஆகையால் பசையோ ஆணியோ வேண்டாமல், குழந்தையின் விரல் பலத்திற்கே இணையவும் பிரியவும் செய்கிறது. எட்டுக் குமிழ்களும் ஒரே நிறமும் உடைய ஆறு கட்டைகளை மட்டும் 91,51,03,765 விதங்களில் இணைக்கலாம் என்று கணித சாஸ்திரிகள் கண்டிருக்கின்றனர்.

கட்டும் முறை: உறுப்புக்கள் எண்ணிட்ட பைகளில் வருவதால், சித்திரங்கள் காட்டும் கிரமப்படி முதலில் பாறையாகிய அஸ்திவாரத்தையும், அதன்மேல் மண்டபங்களையும், இறுதியில் கூர்ங்கோபுரங்களையும் எழுப்ப வேண்டும். பின்புறம் திறந்திருப்பதால், மாணவர் கூடி உண்ணும் பெருமண்டபமும், மகாசர்ப்பம் உறையும் இரகசிய அறையும் கண்ணுக்குப் புலனாகும். வித்யாசாலையை ஸ்தாபித்த நால்வரின் உருவங்களோடு, கோட்டையின் அளவுக்கேற்ற 27 நுண்ணுருவங்களும் இதில் அடங்கும்.

பயன்: கதையைக் கண்முன் அமைத்து மகிழ்வது தமிழருக்குப் புதிதன்று, நவராத்திரிக் கொலுவில் தசாவதாரத்தையும் இராமாயணக் காட்சிகளையும் வரிசையாக வைப்பதும் இத்தகைய பிரயத்தனமே. வாழப்பாடி முதலிய ஊர்களை உள்ளிட்ட சேலம், நாமக்கல் சமவெளியில் வளரும் சிறுவருக்கோ இத்தொகுதி மற்றுமொரு ஞானத்தையும் அளிக்க வல்லது. ஒற்றைப் பாறையின் சிரசில் நிற்கும் நாமக்கல் கோட்டையிலும், குன்றைச் சுற்றி ஏறும் சங்ககிரி துர்க்கத்திலும், மதிலின் போக்கை நிர்ணயிப்பது பாறையின் வடிவமே என்னும் உண்மையை, பாறையிலிருந்து தொடங்கிக் கட்டிப் பார்த்தவர் எளிதில் உணர்வர். 1958க்குப் பின் வார்க்கப்பட்ட கட்டைகள் யாவும் ஒன்றோடொன்று பொருந்துமாதலால், ஹாக்வார்ட்ஸைக் கட்டி மகிழ்ந்த சிறுவர் அதனைப் பிரித்து, அதே கட்டைகளால் தம் நாட்டுத் துர்க்கங்களையும் நிர்மாணிக்கலாம். அவ்வாறு நிர்மாணிப்பதே இவ்விளையாட்டின் உத்தமமான பயன்.