பூனையும் எலியும் பெங்களூரும்: ஒரு துரத்தல் தொழிலின் வரலாறு

பூனை துரத்த, எலி தப்ப, கடைசியில் துரத்தியதே அடிபட்டு விழும் அடிதடிக் கார்ட்டூன், ஓவியத் திறமையைக் காட்டிலும் நேரக் கணக்கையே பெரிதும் நம்பி வளர்ந்த கலை. அந்தக் கணக்கைப் போடுபவர் ஒருவர், அதற்கேற்ப வரைபவர் வேறொருவர் என்ற பிரிவினை அக்கலையின் தொடக்கத்திலேயே இருந்தது. பெங்களூரில் 21-ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய அனிமேஷன் தொழில், இந்தப் பிரிவினையின் எந்தப் பக்கத்தில் இடம் பெற்றது என்பதே அதன் வரலாற்றின் மையக் கேள்வி.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் அமெரிக்காவின் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் ஸ்டூடியோவுக்காக உருவாக்கி, 1940 பிப்ரவரியில் வெளிவந்த 'புஸ் கெட்ஸ் தி பூட்' என்ற குறும்படத்தில் பூனையின் பெயர் ஜாஸ்பர். டாம், ஜெர்ரி என்ற பெயர்கள் ஸ்டூடியோ ஊழியர்களிடையே நடந்த போட்டியில் பின்னர் கிடைத்தவை. 1958 வரை வெளிவந்த அவர்களுடைய 114 குறும்படங்களுக்கு 7 ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. கதையையும் குறும்புகளையும் பார்பெரா சிறு ஓவியங்களாக வரைந்து தருவார். ஒவ்வொரு அசைவும் எத்தனை பிரேம், அதாவது எத்தனை தனிப்படங்கள், நீடிக்க வேண்டும் என்பதை ஹன்னா கட்டம் போட்ட தாளில் எழுதுவார். எக்ஸ்போஷர் ஷீட் எனப்படும் அத்தாளே படத்தின் உண்மையான திரைக்கதை என்று சொன்னாலும் மிகையாகாது. நொடிக்கு 24 பிரேம் ஓடும் திரையில் 7 நிமிடப் படத்துக்கு ஏறத்தாழ 10,000 பிரேம்கள் தேவை. அசைவின் முக்கிய நிலைகளை மூத்த ஓவியர்கள் வரைய, அவற்றுக்கு நடுவே வரும் படங்களை இன்-பிட்வீனர் எனப்பட்ட இளைய ஓவியர்கள் நிரப்பினர். பூனை தன் தலைக்கு மேல் தொங்கும் இரும்புப் பட்டடையைக் கண்டு விழிப்பதற்கும் அது தலையில் விழுவதற்கும் இடையே சில பிரேம்கள் கூடினால் சிரிப்பு வடிந்துவிடும். குறைந்தால் அடி மட்டுமே மிஞ்சி, வேடிக்கை கொடூரமாகிவிடும். (டாம் வலியில் போடும் அந்த அலறல் ஹன்னாவின் சொந்தக் குரல் என்பதையும் இங்கே குறிப்பிடலாம், கணக்கெழுதியவரே கத்தவும் செய்தார்.)

இந்தப் பகையும் இந்த நேரக் கணக்கும் இந்திய மரபுக்குப் புதியவை அல்ல. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பீஷ்மர் சொல்லும் கதையில், வேடன் வலையில் லோமசன் என்ற பூனை சிக்கிக்கொள்கிறது. கீரியும் ஆந்தையும் தன்னைக் கவ்வக் காத்திருப்பதைக் கண்ட பலிதன் என்ற எலி, வலையை அறுத்துவிடுவதாக வாக்களித்து அப்பூனையின் மடியிலேயே அடைக்கலம் புகுகிறது. பகைவர் இருவரும் ஏமாந்து விலகிய பிறகும், பூனை எவ்வளவு அவசரப்படுத்தினாலும், எலி மெல்ல மெல்லவே கொறிக்கிறது. வேடன் கண்ணெதிரே வந்து, பூனைக்குத் தப்பி ஓடுவதைத் தவிர வேறெதற்கும் அவகாசம் இல்லாத கணத்தில்தான் கடைசிக் கயிற்றை அறுக்கிறது. நீதிக்காகச் சொல்லப்பட்ட கதைதான். ஆனால் அதன் உச்சம் ஹன்னாவின் தாளில் இடம்பெறத்தக்க நேரக் கணக்கு. மாமல்லபுரத்தில் 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செதுக்கிய பெரும் தபசுப் பாறையிலும் ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்ய, அதன் காலடியில் எலிகள் அச்சமின்றி நிற்கின்றன. துரத்தல் தொடங்குவதற்கு முந்தைய கணத்தைச் சிற்பி கல்லில் நிறுத்திவைத்ததால், அடுத்து நடப்பதைப் பார்ப்பவரே கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கல்லிலிருந்து திரைக்கு வந்தால், பெங்களூரில் 1809-இல் அமைந்த கன்டோன்மென்ட், அதாவது ஆங்கிலேயப் படைக் குடியிருப்பு, தமிழும் உருதுவும் கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து புழங்கிய பகுதி. அங்கிருந்த பிளாசா, ரெக்ஸ் போன்ற அரங்குகள் ஆங்கிலப் படங்களுக்குப் பெயர் பெற்றிருந்தன. ஆங்கில வசனம் பிடிபடாத பார்வையாளருக்கும், பேச்சின்றி இசையாலேயே நகரும் பூனை-எலிக் குறும்படம் முழுதாக விளங்கக்கூடியது. 1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தபோது அதே படங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குள் நுழைந்தன.

பார்க்கும் ஊர் தயாரிக்கும் ஊராக மாறியதற்கு வேறொரு சங்கிலி காரணம். 1957-இல் மெட்ரோ நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடிய பின், 1961-62-இல் 13 டாம்-ஜெர்ரிப் படங்கள் செக்கோஸ்லோவாகியாவின் பிராகா நகரில் ஜீன் டைச்சின் இயக்கத்தில், அந்த இணையோடு அதிகப் பழக்கமில்லாத ஓவியர்களைக் கொண்டு குறைந்த செலவில் தயாராயின. அவற்றில் வரும் அசைவுகளின் தடுமாற்றத்தை ரசிகர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள். குறைபாடு வரைந்த கைகளில் இருந்ததைவிட, காலமும் பணமும் சுருங்கியதில் இருந்தது என்பதே நியாயமான தீர்ப்பு. ஹன்னாவும் பார்பெராவும் தொடங்கிய நிறுவனமும் பின்னர் தன் தொலைக்காட்சித் தொடர்களுக்கான வரைவேலையை ஆஸ்திரேலியாவுக்கும் தைவானுக்கும் மணிலாவுக்கும் அனுப்பியது. கதையும் நேரத்தாளும் அமெரிக்காவில், படங்கள் ஆசியாவில் என்ற ஏற்பாடு இவ்வாறு வழக்கமாயிற்று.

இந்தியாவில் அனிமேஷன் முதலில் அரசின் கையில் வளர்ந்தது. பம்பாயிலிருந்த பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சியளிக்க 1956-இல் டிஸ்னியின் ஓவியர் கிளேர் வீக்ஸ் வந்தார். அதன் விளைவாக 1957-இல் வெளிவந்த 'தி பனியன் டியர்' புத்த ஜாதகக் கதை. அங்கே பயின்ற ராம் மோகன் உள்ளிட்டோர் மிகுந்த திறமைசாலிகள். ஆனால் அறிவுரைக்காகவும் விளம்பரத்துக்காகவும் மட்டுமே படம் கேட்ட அமைப்பில், எந்தப் பயனுமின்றிச் சிரிக்கவைக்கும் துரத்தலுக்கு இடமில்லாமல் போனது ஓர் இழப்பே.

பெங்களூருக்கு இத்தொழில் வந்த வழி ஓவியப் பள்ளி வழி அல்ல, கணினி வழி. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செயற்கைக்கோள் இணைப்புடன் அங்கு அமைத்த வடிவமைப்பு மையமும், 1990-களில் வளர்ந்த மென்பொருள் பூங்காக்களும், கோப்புகளைக் கடல் தாண்டி அனுப்பிச் சம்பாதிக்கும் பழக்கத்தை நகரில் நிலைநாட்டியிருந்தன. அதன் மேல் பாப்ரிகாஸ் முதலிய முப்பரிமாண ஸ்டூடியோக்கள் எழுந்தன. டெக்னிகலர் நிறுவனம் பாப்ரிகாஸுடன் கைகோத்து, 2008-இல் ஹாலிவுட்டின் டிரீம்வொர்க்ஸுக்காகவே ஒரு தனிப் பிரிவை அங்கு அமைத்தது.

அந்தப் பிரிவுக்கு வந்து சேர்ந்த பெரிய கதாபாத்திரங்களில் ஒன்று பூனை. 2004-இல் 'ஷ்ரெக் 2'-வில் அறிமுகமான 'புஸ் இன் பூட்ஸ்' என்ற வாள் வீசும் பூனை, 2011-இல் தனிப் படத்தின் நாயகனானபோது அதன் ஒரு பகுதி வேலையைப் பெங்களூர்க் குழு செய்தது. 2012-இல் வெளியான 'தி த்ரீ டயாப்லோஸ்' என்ற 13 நிமிடக் குறும்படம் அப்பிரிவிலேயே உருவானது. மூன்று பூனைக்குட்டிகளிடம் பெயர்பெற்ற வீரப் பூனை படாதபாடு படும் அப்படத்தில் எலி இல்லை. எலியின் இடத்தைக் குட்டிகள் எடுத்துக்கொண்டன, சிறியது பெரியதை வீழ்த்தும் பழைய விதி மாறவில்லை.

இத்தகைய வேலை பல படிகளாகப் பிரிந்தது. ரிக்கிங் என்பது கணினி உருவத்துக்குள் எலும்பும் மூட்டும் அமைத்து அதை அசையத்தக்கதாக்குவது. அடுத்து அனிமேஷன், பிறகு ஒளியமைக்கும் லைட்டிங், கடைசியில் அடுக்குகளை ஒன்றுசேர்க்கும் கம்போசிட்டிங். அன்றன்று முடித்த துண்டுகளைத் திரையிட்டுத் திருத்தம் சொல்லும் டெய்லீஸ் கூட்டத்துக்கு, பருவத்தைப் பொறுத்து 12½ அல்லது 13½ மணி நேரம் பின்தங்கியிருக்கும் கலிபோர்னியாவின் காலையும் பெங்களூரின் இரவும் ஒத்துவர வேண்டியிருந்தது. வெளிநாட்டு ஒப்பந்த வேலையில், ஓவியங்களை ஒலியோடு கோத்துக் காட்சியின் நீளத்தை முடிவு செய்யும் அனிமேட்டிக் பொதுவாக வேலை கொடுப்பவரிடமிருந்தே வரும். ஷாட்டின் நீளம் அங்கே முடிவாகிவிட, அந்த நீளத்துக்குள் பூனையின் இமை எப்போது சுருங்க வேண்டும், வால் எப்போது விறைக்க வேண்டும் என்பது மட்டும் இங்குள்ள அனிமேட்டரின் உரிமையாக மிஞ்சியது. அது சிறிய உரிமை அல்ல என்றாலும், பார்பெராவின் ஓவியமும் ஹன்னாவின் தாளும் பெங்களூருக்குக் கைமாறவில்லை. மும்பையில் வைபவ் குமரேஷ் கார்ட்டூன் நெட்வொர்க்குக்காகப் படைத்த 'லாம்புட்' தொடரில், ஆரஞ்சு நிறக் கூழுருவம் ஒன்றை இரு விஞ்ஞானிகள் வசனமின்றித் துரத்துகிறார்கள். துரத்தலின் நேரத்தை இந்தியர்களே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல சான்று.

அனிமேஷன் துறைக்கெனத் தனிக் கொள்கையை 2012-இல் வெளியிட்ட முதல் மாநிலம் கர்நாடகம். 2024-இல் அது அறிவித்த அடுத்த கொள்கை, 30,000 புதிய வேலைகளையும், துறை வருவாயில் 80 சதவீதமாவது ஏற்றுமதியிலிருந்து வரவேண்டும் என்பதையும் இலக்காக வைத்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட டெக்னிகலர் குழுமம் நிதி நெருக்கடியில் முடங்க, பெங்களூரிலும் மும்பையிலும் அதன் ஸ்டூடியோக்களில் பணிபுரிந்த ஏறத்தாழ 3,000 பேர் ஒரே வாரத்தில் வேலையிழந்தனர்.