கறுப்புப் பொட்டு

1986 கடைசியில் அமெரிக்காவில் யாரோ ஒருவர் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்க ஒரு 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வாங்கினார். மேசை இழுப்பறையில் வைத்தார். மறந்துவிட்டார். 2021இல்தான் அது மறுபடி கையில் சிக்கியது. உறை பிரிக்காத அந்தப் பெட்டி அதே ஏப்ரலில் ஹெரிட்டேஜ் ஏலத்தில் 660,000 அமெரிக்க டாலருக்குப் போனது. ஒன்பது மாதம் முன்னால் அதே ஆட்டத்தின் இன்னொரு பெட்டி 114,000 டாலரைத் தொட்டதே பெரிய செய்தி. ஜூலையில் ஒரு 'சூப்பர் மாரியோ 64', 1.56 மில்லியன் டாலர். 1996இல் வந்து ஒரு கோடிக்கு மேல் விற்ற ஆட்டம் அது. அபூர்வம்னு சொல்ல ஒன்றுமில்லை. பிரிக்காத பிளாஸ்டிக் உறைதான் அபூர்வம்.

கொரோனா முடக்கம், சின்ன வயதில் கிடைக்காததை நாற்பதில் வாங்குகிறவர்கள், பெட்டிக்கு மதிப்பெண் போட்டு அக்ரிலிக்கில் பூட்டித் தரும் நிறுவனங்கள் என்று காரணங்கள் தெரிந்தவைதான். உள்ளே இருக்கும் மாரியோ வெறும் 40 கிலோபைட். வாட்ஸப்பில் வரும் 'காலை வணக்கம்' படம்கூட அதைவிடப் பெரிசு.

மலேசியாவில் இந்த வரலாறு வேற. இங்கே பல வீடுகளில் ஓடியது நிண்டெண்டோ இல்லை, தைவானின் மைக்ரோ ஜீனியஸ். 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமின் நகல். அண்ணன்மார் ஆடி விட்டதை நாங்கள் எடுத்து ஆடினோம். கேட்ரிட்ஜ் என்று யாரும் சொன்னதில்லை, கேசட்தான். மெனுவில் ஆயிரக்கணக்கில் பெயர் ஓடும். எண்ணினால் பத்திருபது ஆட்டம். அதுவே வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்.

அசல் கேட்ரிட்ஜைத் திறந்தால் சிப்பின் மேல் எண் இருக்கும், பெரும்பாலும் தயாரித்த ஆண்டும் வாரமும் இருக்கும். எந்தப் பதிப்பு முந்தியது என்பதை அதை வைத்துத்தான் கணிக்கிறார்கள். நம்ம கேசட்டில் பல சமயம் சிப்பே தெரியாது. உறையில்லாத சிலிக்கானை நேரே பலகையில் ஒட்டி, மேலே ஒரு பொட்டு கறுப்பு எபோக்சி. செலவு மிச்சம். செய்தவர் பெயர் கிடையாது, தேதி கிடையாது. தலைப்புத் திரையில் நிண்டெண்டோ பெயரைக்கூட அழித்திருப்பார்கள்.

விலை ஏறியதும் போலிகளும் பெருகின. இப்போது சேகரிப்பாளர்கள் 3.8 மில்லிமீட்டர் திருகாணிக்கான தனி ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு, திறந்து பார்த்துத்தான் காசு எடுக்கிறார்கள். கறுப்புப் பொட்டு தெரிந்தால் குப்பை. அந்தக் கணக்குப்படி நாங்கள் ஆடியது மொத்தமும் குப்பை.

மாரியோவின் 40 கிலோபைட் தொலையப் போவதில்லை, நகல் எங்கும் இருக்கிறது. பசார் மாலாமில் விற்ற மஞ்சள் கேசட்டில் யாரோ உயிர்களைக் கூட்டியிருப்பார், படத்தை மாற்றியிருப்பார், சீன எழுத்தை நுழைத்திருப்பார். அதற்கு அந்தக் கேசட்டை விட்டால் வேறு சாட்சி இல்லை. அதைத்தான் பழைய பேப்பரோடு பேப்பர் லாமா லாரியில் ஏற்றுகிறோம்.

பொட்டைச் சீண்டாமலே, 60 முனைகள் வழியாக ஓர் ஆர்டுவினோ மெகாவை வைத்து உள்ளே இருப்பதைப் படித்தெடுக்கலாம். ஒற்றை ஆட்டம் என்றால் ஒரு மாலை வேலை. பல ஆட்டக் கேசட்தான் படுத்தும். எந்த முகவரிக்கு என்ன எழுதினால் அடுத்த ஆட்டம் திறக்கும் என்று ஒவ்வொன்றாகத் தேடணும். அதற்கு முதலில் கேசட் கையில் இருக்கணும்.