போட்டோ ஃபோல்டர் ஏன் நகர மாட்டேங்குது?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா போடிநாயக்கனூர். 2010 கடைசியில நிறுத்தின ரயில் 2023 ஜூன்ல திரும்ப வந்துருச்சே, அதனால சென்னையில ராத்திரி ஏறிப் படுத்தா காலையில நேரா போடிதான். பையைக் கீழ வைக்கல, பெரியப்பா ஆரம்பிச்சுட்டார்.

"தம்பி, இந்தப் பொட்டியைக் கொஞ்சம் பாரு. போட்டோ ஃபோல்டரைத் தொறந்தா காபி குடிச்சுட்டு வந்துரலாம், அம்புட்டு நேரம் ஆகுது. ரிப்பேர் பாக்குற பையன் ஃபார்மேட் அடிச்சாத்தான் சரியாகும்ங்கிறான். அடிச்சுரவா?"

எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. பெரியம்மா தவறி மூணு வருஷம் ஆகுது. அவங்க இருக்கிற படம் அத்தனையும் அந்த ஒரே ஃபோல்டர்லதான். 2004ல இருந்து எடுத்தது, பதினாலாயிரத்துச் சொச்சம். வேற எங்கயும் காப்பி கிடையாது.

முதல் வேலையா ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி எல்லாத்தையும் காப்பி பண்ணினேன். மக்களே, இதை மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. ஃபோல்டர் மெதுவாத் தொறக்குதுன்னா டிஸ்க் சாகக் கிடக்குதுன்னும் அர்த்தம் இருக்கலாம். நோண்டுறதுக்கு முன்னாடி காப்பி! நல்லவேளை, காப்பி தடங்கல் இல்லாம ஓடுச்சு. டிஸ்க்கோட ஸ்மார்ட் ரிப்போர்ட்டும் சுத்தம். அப்ப டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. பின்ன ஏன் மெதுவு? அதுக்குப் பதில் சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் வைக்கிற யோசனை 1965லயே வந்தாச்சு. மல்டிக்ஸ்னு ஒரு சிஸ்டத்துக்காக டேலி, நியூமன்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரையில இருக்கு. மேசை மேல இருக்கிற அட்டை ஃபைல் மாதிரி அதுக்குப் படம் போட்டது 1981ல வந்த ஜெராக்ஸ் ஸ்டார். அதே 1981ல வந்த டாஸ் முதல் வெர்ஷன்ல ஃபோல்டரே கிடையாது. ஃபிளாப்பியில இருக்கிறதே கொஞ்சம், அதுக்கு எதுக்குத் தனி அறை? 1983 மார்ச்ல ஐபிஎம் எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோட வந்தப்பதான், கூடவே வந்த டாஸ் 2.0ல ஃபோல்டர் வந்துச்சு.

அந்தக் காலத்து ஃபோல்டர்ங்கிறது கணக்குப்பிள்ளை நோட்டு மாதிரி. ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 பைட்ல ஒரு வரி. பேருக்கு 8 எழுத்து, வாலுக்கு 3 எழுத்து, சைஸ், தேதி. அவ்வளவுதான். அகர வரிசையெல்லாம் கிடையாது. ஒண்ணைத் தேடணும்னா முதல் வரியில இருந்து படிச்சுக்கிட்டே வரணும். ஆனா ஒரு நல்ல குணம், ஃபைலுக்குள்ள எட்டியே பாக்காது. நோட்டுல எழுதியிருக்கிறதைப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிரும்.

1995 ஆகஸ்ட்ல விண்டோஸ் 95. நீளமான பேர் வைக்கலாம்னாங்க. பழைய நோட்டைக் கிழிக்க முடியாதே? அதனால பேர்ல 13 எழுத்துக்கு ஒரு வரின்னு கூடுதலா ஒட்டுனாங்க. 40 எழுத்துல பேர் வச்சா அதுக்கு 4 வரி, பழைய வரி ஒண்ணு, ஆக மொத்தம் 5. நோட்டு குண்டாச்சு. இதுக்கு நடுவுல 1993லயே விண்டோஸ் என்டியோட என்டிஎஃப்எஸ் வந்திருந்துச்சு. அதுல பேரெல்லாம் வரிசைப்படி மர அமைப்புல இருக்கும், சட்டுனு எடுத்துரலாம். வீட்டுப் பொட்டிக்கு அது வந்து சேர்ந்தது 2001ல, எக்ஸ்பியோட.

அப்ப பிரச்சினை தீர்ந்துருக்கணும்ல? அங்கதான் சிக்கல். லிஸ்ட் படிக்கிறது வேகமாச்சு. ஆனா பொட்டி லிஸ்ட் படிக்கிறதோட நிக்கல, மூட்டையைப் பிரிக்க ஆரம்பிச்சிருச்சு.

நம்மூர் ஆளுகளுக்கு இதை ஈஸியா சொல்லிரலாம். மலையில இருந்து வர்ற ஏலக்காயை ஏலத்துல மூட்டை மூட்டையாவா பிரிச்சுப் பாக்குறாங்க? சாம்பிளைப் பாத்துத்தான் விலை கேக்குறாங்க. எக்ஸ்பி என்ன பண்ணுச்சுன்னா, படத்தைச் சின்னதாக் காட்டணும்னு ஒவ்வொரு ஃபைலையும் தொறந்துச்சு. தொறந்து எடுத்த சாம்பிளை தம்ப்ஸ்.டிபின்னு ஒரு ஃபைல்ல அந்த ஃபோல்டர்லயே போட்டு வச்சுச்சு. அரைகுறையா டவுன்லோட் ஆன ஏவிஐ படம் உள்ள இருந்தா அதைப் படிக்கப் போய் மாட்டிக்கிட்டு மொத்தமா உறைஞ்சு நிக்கும். எக்ஸ்பி வச்சிருந்த யாரைக் கேட்டாலும் கதை சொல்லுவாங்க :-)

2007ல விஸ்டா வந்தப்ப சாம்பிளையெல்லாம் யூசரோட ஒரே இடத்துக்கு மாத்துனாங்க. ஆனா உள்ள என்ன இருக்குன்னு பாத்து 'இது படம், இது பாட்டு'ன்னு ஃபோல்டருக்கு முத்திரை குத்துற பழக்கம் விண்டோஸ் 10 வரைக்கும் தொடர்ந்து வந்துச்சு. பெரியப்பா ஃபோல்டர் 'படம்'னு முத்திரை வாங்கி, 'படம் எடுத்த தேதி' வரிசையில நின்னுச்சு. எடுத்த தேதி நோட்டு வரியில இருக்காது, படத்துக்குள்ளதான் இருக்கும். இண்டெக்ஸ்ல சேராத டி டிரைவ் வேற. அதனால வரிசைப்படுத்த பதினாலாயிரம் மூட்டையையும் பிரிச்சாகணும். மேல அட்ரஸ் பட்டையில பச்சைக் கோடு ஊர்ந்துக்கிட்டே போறது அதனாலதான்.

மருந்து ரெண்டு நிமிஷ வேலை. ஃபோல்டர்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கஸ்டமைஸ். அங்க 'ஜெனரல் ஐட்டம்ஸ்'னு மாத்துங்க. வியூவை டீட்டெய்ல்ஸ்க்கு மாத்தி, 'நேம்' மேல ஒரு கிளிக். லிஸ்ட் சட்டுனு வந்து விழுந்துச்சு. அப்புறம் வருஷ வாரியா சின்ன ஃபோல்டரா பிரிச்சேன்.

அப்பவும் 'திஸ் பிசி' தொறக்க மட்டும் அரை நிமிஷம் ஆச்சு. பாத்தா, செவப்புப் பெருக்கல் குறியோட இசட்னு ஒரு டிரைவ். பெரியப்பாகிட்ட கேட்டேன்.

"அது நம்ம கடைக் கம்ப்யூட்டர்டா. இங்க இருந்தே கணக்குப் பாக்க போட்டுக் குடுத்தாங்க."

கடையை மூடி நாலு வருஷம் ஆச்சு. அந்தக் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டாச்சு. இந்தப் பொட்டி மட்டும் ஒவ்வொரு தடவையும் கடையைக் கூப்பிட்டுப் பாத்து, பதில் வராம, காத்துக் கிடந்துட்டு அப்புறம் தொறந்திருக்கு. "இதை எடுத்துரவா பெரியப்பா?"ன்னேன். கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்தார். "எடுத்துரு. அங்கதான் யாரும் இல்லையே"ன்னார். டிஸ்கனெக்ட் பண்ணினேன்.

பொட்டிக்கு நோயே இல்லை. 30 வருஷமா நமக்கு வசதி பண்றோம்னு ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தி விட்ட வேலையை அது ஒழுங்காச் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மெதுவா இருக்குன்னு யாராவது ஃபார்மேட் அடிக்கச் சொன்னா, முதல்ல 'இப்ப இது என்னத்தப் படிச்சுக்கிட்டு இருக்கு?'ன்னு கேளுங்க.

சாயங்காலம் பெரியப்பா 2006ஐத் தொறந்தார். போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுல பெரியம்மா, தலையில மஃப்ளர் சுத்திக்கிட்டு, வாந்தி வர்ற முகத்தோட.

"இவ மலை ஏறுனா இப்படித்தான்"ன்னு சிரிச்சார். காபி ஆறிப் போச்சு.